கை கற்ற பாடம்

நாள்தோறும் வேட்டி கட்டும் ஒருவரை அழைத்து, "ஐயா, வேட்டி கட்டுவது எப்படி என்பதைக் கையை அசைக்காமல் வாயால் மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அவர் திகைப்பார். "இந்த முனையை இப்படிப் பிடித்து" என்று தொடங்குவதற்குள் அவருடைய கைகள் தாமே இடுப்பை நோக்கிப் போய்விடும். கோலம் போடும் பெண்மணியிடம், விரல்களின் இடுக்கிலிருந்து மாவு ஒரே சீராக உதிர்வது எப்படி என்று கேட்டாலும் இதே கதைதான். வீணை வாசிப்பவர், தறியில் நாடா எறிபவர், எழுத்துகளைப் பாராமலே தட்டெழுத்துப் பொறியில் அடிப்பவர், சைக்கிள் விடுபவர் ஆகிய எல்லாரும் செய்து காட்டுவார்கள். சொல்லிக் காட்டுவதற்குத்தான் அவர்களால் இயலாது.

கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. அப்படியானால் கைக்குத் தெரிந்த அந்த வித்தை எங்கே இருக்கிறது? கைப்பழக்கம் என்று நாம் சொல்லுகிறோம். ஆனால் கையில் உள்ள தசைகள் ஏவியதைச் செய்யுமே ஒழிய, கற்றதை நினைவில் வைத்துக்கொள்ளும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. கற்றது மூளையிலேதான் இருக்கவேண்டும். நண்பரின் பெயரும், நேற்றுக் கேட்ட செய்தியும் மூளையிலேதான் இருக்கின்றன. அவற்றை மட்டும் நாம் தடையின்றிச் சொல்ல முடிகிறதே! இந்தப் புதிருக்கு முதன்முதலாகத் தெளிவான விடை தந்தது ஒரு நோயாளியின் துயரக் கதையாகும். அதை முதலில் கூறிவிட்டு மேலே செல்லுகிறேன்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கடுமையான காக்கை வலிப்பினால் பல ஆண்டுகள் வருந்திவந்தார். மருந்துகள் பயன் தரவில்லை. 1953-ஆம் ஆண்டில், அவருக்கு 27 வயதாகியிருந்தபோது, ஹார்ட்ஃபோர்டு நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற ரண சிகிச்சை நிபுணர் அவருடைய மூளையின் இரு பக்கங்களிலும், பொட்டுக்கு உட்புறமாக அமைந்துள்ள ஒரு பகுதியை எடுத்துவிட்டார். ஹிப்போகாம்பஸ் என்று வழங்கும் உறுப்பின் கணிசமான பகுதியும் அதனோடு போயிற்று. வலிப்பு குறைந்தது. ஆனால் எவரும் எதிர்பாராத வேறொரு கேடு விளைந்தது. அன்று முதல் புதிய செய்தி எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. சற்று முன்னர்ப் பேசிவிட்டுச் சென்ற மருத்துவர் மீண்டும் வந்தால், அவரைப் புதியவராகவே எண்ணி மரியாதையுடன் வரவேற்பார். படித்து முடித்த பத்திரிகையையே புதிதாகப் படிப்பார். அறிவிலோ பேச்சிலோ குறையில்லை; நினைவு மட்டும் ஒட்டவில்லை. மருத்துவ நூல்களில் அவர் எச். எம். என்ற இரண்டெழுத்துகளாகவே வாழ்ந்தார். 2008-ஆம் ஆண்டில் அவர் காலமான பிறகே ஹென்றி மொலேசன் என்ற அவருடைய பெயர் உலகுக்குத் தெரிந்தது.

இவரை ஆராய்வதற்குக் கனடாவின் மான்ட்ரியால் நகரிலிருந்து பிரெண்டா மில்னர் என்ற உளநூல் அறிஞர் 1955-ஆம் ஆண்டு முதல் வந்துசென்றார். அவர் வைத்த சோதனைகளுள் ஒன்று மிக எளியது. காகிதத்தில் ஒரு நட்சத்திரம் இரட்டைக் கோட்டினால் வரையப்பட்டிருக்கும். அந்த இரு கோடுகளுக்கும் நடுவே, வெளியே போகாமல், பென்சிலால் ஒரு கோடு இழுக்கவேண்டும். ஆனால் காகிதத்தையும் தம் கையையும் நேரே பார்க்கக் கூடாது. எதிரே உள்ள கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே வரையவேண்டும். முயன்று பார்த்தவர்களுக்கு அதன் தொல்லை தெரியும். மேலே போக எண்ணினால் பென்சில் கீழே போகும். மூலை திரும்பும்போதெல்லாம் கை தடுமாறும்.

மொலேசனும் முதல் நாளில் தடுமாறினார். ஆனால் வரைய வரையப் பிழைகள் குறைந்தன. மறுநாள் மில்னர் அதே காகிதத்தை வைத்தபோது, இத்தகைய சோதனையைத் தாம் முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. என்றாலும் அவருடைய கை முதல் நாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மூன்றாம் நாளில் பிழை ஏறக்குறைய இல்லை என்னும்படி அவர் வரைந்தார். கடினமாக இருக்கும் என்று எண்ணிய வேலை இவ்வளவு எளிதாக முடிந்துவிட்டதே என்று அவரே வியந்தாராம்! கற்றவர் அவர், கற்றுக்கொண்டோம் என்பதை அறியாதவரும் அவரே.

இந்த ஒரு சோதனை பெரியதோர் உண்மையை உணர்த்திற்று. நினைவு என்பது ஒரே பெட்டகம் அன்று. பெயர், முகம், நிகழ்ச்சி ஆகியவற்றைப் பதித்துவைக்க ஹிப்போகாம்பஸ் வேண்டும். கைத்திறன் அதை நம்பி வாழவில்லை. அதற்கு மூளையில் வேறு இடங்கள் உண்டு. அவை எவை என்பதை இனிக் காண்போம்.

முதலாவது, பெருமூளையின் மேற்பரப்பான புறணி. 1870-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் ஃபிரிட்ஷ், ஹிட்ஸிக் என்ற இரு மருத்துவர்கள் ஒரு நாயின் புறணியில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, தொட்ட இடத்துக்கு ஏற்ப உடலின் மறுபக்கத்து அவயவம் அசைவதைக் கண்டார்கள். பிற்காலத்தில் மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் நிபுணர், ரண சிகிச்சையின்போது விழித்திருந்த நோயாளிகளின் புறணியை இவ்வாறே சோதித்து, இயக்கப் பகுதியின் படத்தை வரைந்தார். அந்தப் படத்தில் முதுகும் தொடையும் சிறிய இடத்தில் ஒடுங்கியிருக்க, கையும் விரல்களும் உதடும் நாவும் பெரிய நிலப்பரப்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உடலில் எது பெரிது என்பது இங்கே கணக்கு அன்று. நுண்ணிய வேலை எதற்கு மிகுதியோ அதற்கே இடம் மிகுதி.

இரண்டாவது, தலையின் பின்புறத்தில் பெருமூளைக்குக் கீழே அமைந்த சிறுமூளை. மூளையின் எடையில் இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையில் உள்ள நரம்பணுக்களை எண்ணிப் பார்த்தால், ஐந்தில் நான்கு பங்கு இச்சிறு உறுப்பில்தான் இருக்கிறது. இத்தனை அணுக்கள் இங்கே என்ன செய்கின்றன? பிழை திருத்துகின்றன என்று சுருக்கமாகச் சொல்லலாம். கையை நீட்டு என்று புறணி கட்டளை இடும்போது, அந்தக் கட்டளையின் படி ஒன்று சிறுமூளைக்கும் வருகிறது. கை எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதை அது முன்கூட்டியே கணிக்கிறது. கை உண்மையில் போய்ச் சேர்ந்த இடத்தைக் கண்ணும் தோலும் மூட்டுகளும் தெரிவிக்கின்றன. இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால், அடுத்த முறைக்கு அதற்கேற்ற திருத்தம் செய்யப்படுகிறது.

இதை எளிய சோதனை ஒன்றால் காட்டலாம். காட்சியைப் பக்கவாட்டில் தள்ளிக் காட்டும் பட்டகக் கண்ணாடியை ஒருவருக்கு அணிவித்து, குறி பார்த்துப் பந்து எறியச் சொல்லுகிறார்கள். முதலில் பந்து ஒரு பக்கமாக விலகிப் போகிறது. பல முறை எறிந்தபின் குறி சரியாகிறது. அப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டால், பந்து இப்போது எதிர்ப்பக்கமாக விலகுகிறது! கண்ணாடி இல்லை என்பது அவருக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. கை தான் கற்ற திருத்தத்தை இன்னும் விடவில்லை. சிறுமூளையில் நோயுற்ற பலருக்கோ, எத்தனை முறை எறிந்தாலும் இத்தகைய திருத்தம் நிகழ்வதில்லை.

முதல் உலகப் போரில் தலையில் காயமுற்ற சிப்பாய்களைக் கவனித்த கார்டன் ஹோம்ஸ் என்ற மருத்துவர், சிறுமூளை பழுதுபட்ட ஒருவர் தம்மிடம் கூறியதைக் குறித்து வைத்திருக்கிறார். இடக்கை தானாகவே வேலை செய்கிறது. வலக்கையின் ஒவ்வோர் அசைவையும் நினைத்து நினைத்துச் செய்யவேண்டியிருக்கிறது என்பது அவர் கூறியதன் சாரம். நினையாமலே செய்வது எவ்வளவு பெரிய செல்வம் என்பதை அதனை இழந்தவரே அறிவர்.

மூன்றாவது, பெருமூளையின் ஆழத்தில் பதிந்துள்ள அடித்தள நரம்புத் திரள்கள். தனித்தனியாகக் கற்ற அசைவுகளை ஒரே தொடராகக் கோத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தடையின்றி ஓடச் செய்வதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. 1817-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நடுக்குவாத நோயில், இத்திரள்களுக்கு வரவேண்டிய டோபமைன் என்னும் இரசாயனப் பொருள் குறைந்துவிடுகிறது. நடக்கத் தெரிந்தவரின் கால் வாசற்படியில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறது. தரையில் குறுக்குக் கோடுகள் போட்டுக் காட்டினால், அவருள் பலர் அக்கோடுகளைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுகிறார்கள். பழக்கத்தின் வழி அடைபட்டபோது, கண்ணின் துணைகொண்டு வேறொரு வழி திறக்கிறது.

இவை மூன்றும் எப்போதும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. ஒரு வேலையைப் புதிதாகத் தொடங்கும்போது, நெற்றிக்குப் பின்னால் உள்ள சிந்தனைப் பகுதி மிகவும் உழைக்கிறது. சைக்கிள் பழகும் சிறுவன் அப்போது வேறு எதையும் பேசமாட்டான். பழகப் பழக அப்பகுதியின் வேலை குறைகிறது. 1997-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், புதிய கையசைவு ஒன்றைக் கற்றவர்களின் மூளையில் இரத்த ஓட்டத்தை ஷாட்மேர், ஹால்கம் என்ற இருவர் படமெடுத்தார்கள். பயிற்சி முடிந்து ஆறு மணிக்குள், அந்த அசைவை நடத்தும் பொறுப்பு முன்நெற்றிப் பகுதியை விட்டு, புறணியின் இயக்கப் பகுதிகளுக்கும் சிறுமூளைக்கும் மாறியிருந்தது. அவர்களுடைய கையோ முன்போலவே வேலை செய்தது. வெளியே ஒரு மாற்றமும் தெரியாதபோது, உள்ளே சரக்கு ஒரு கிடங்கிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விட்டது.

பல வாரப் பயிற்சி என்ன செய்கிறது? 1995-ஆம் ஆண்டில் ஆவி கார்னியும் அவருடைய கூட்டாளிகளும் இதனை ஆராய்ந்தார்கள். விரல் நுனிகளைக் குறிப்பிட்ட ஒரு வரிசையில் கட்டைவிரலோடு தொடவேண்டும்; நாள் ஒன்றுக்குப் 10 முதல் 20 நிமிடம் வரையே பயிற்சி. சில வாரங்களில், பழகிய வரிசையைச் செய்யும்போது புறணியின் இயக்கப் பகுதியில் அதிக இடம் சுறுசுறுப்படைவது படங்களில் தெரிந்தது. அதே விரல்களால் பழகாத வரிசையைச் செய்தால் அவ்வளவு இடம் எழவில்லை. பயிற்சியை நிறுத்திய பிறகும் அம்மாறுதல் பல மாதங்கள் நிலைத்திருந்தது. நாள்தோறும் சிறிது நேரம் என்ற எளிய முறைக்குக் கிடைத்த பயன் இது.

எனினும் மூளையில் எல்லா மாறுதலும் அப்படியே நிற்பதில்லை. ஜெர்மனியில் மூன்று பந்துகளை மாறிமாறி மேலே எறிந்து பிடிக்கும் வித்தையைச் சிலருக்கு மூன்று மாதம் பழக்கினார்கள். 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, அசையும் பொருளைக் காண்பதற்குரிய பகுதிகளில் சாம்பல் நிறப் பொருள் சற்றே தடித்திருந்தது. பயிற்சியை விட்டு மூன்று மாதம் ஆனபின் அந்தத் தடிப்புக் குறைந்துவிட்டது. ஆயினும் விட்ட வித்தையை மீண்டும் எடுப்பவர் முதல் முறையைவிட விரைவாகத் தேறுகிறார் என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம். ஆராய்ச்சியும் அதையே கூறுகிறது. வீணையை எடுத்து வைத்துவிட்டுப் பத்து ஆண்டு கழித்துத் தொடும் பெண்மணி, தொடக்கத்திலிருந்து தொடங்குவதில்லை.

இனி ஓய்வைப்பற்றிச் சொல்லவேண்டும். கை நின்றவுடன் கற்பதும் நின்றுவிடுகிறது என்றுதான் நாம் எண்ணுகிறோம். அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர், ஒரு விரல் வரிசையைப் 10 விநாடி அடித்து, 10 விநாடி சும்மா இருக்குமாறு பலரைக் கேட்டுக்கொண்டார்கள். முதல் நாள் முன்னேற்றத்தின் பெரும்பகுதி, அடிக்கும்போது அன்றி, அந்தச் சிறு ஓய்வுகளின் இடையிலேயே நிகழ்ந்தது. 2021-ஆம் ஆண்டில் வெளியான அடுத்த ஆராய்ச்சியில் அதன் காரணமும் ஓரளவு புலப்பட்டது. ஓய்வின்போது மூளை அதே வரிசையைத் தனக்குள் சுமார் 20 மடங்கு வேகத்தில் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்கிறது. அவ்வாறு மிகுதியாக ஓட்டிப் பார்த்தவர்களே மிகுதியாக முன்னேறினார்கள்.

உறக்கமும் இத்தகையதே. மாலையில் பழகி, இரவு உறங்கி எழுந்தவர்கள், மேற்கொண்டு பயிற்சி இல்லாமலே காலையில் சுமார் 20 சதவீதம் விரைவாக அடித்தார்கள் என்று 2002-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி கூறிற்று. இந்த லாபத்தில் ஒரு பகுதி களைப்பு நீங்கியதால் வந்தது என்று பின்வந்தவர்கள் வாதித்தார்கள். எப்படியாயினும், இரவு முழுவதும் கண்விழித்துப் பழகுவது மூளையின் வேலையைக் கெடுப்பதே ஆகும்.

இங்கே நம் உள்ளமே நம்மை ஏமாற்றுவது உண்டு. பிரிட்டனில் தபால் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பலகையைப் பழக்கவேண்டியிருந்தது. பேட்லி, லாங்மன் என்ற இருவர் அவர்களை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். 1978-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். நாளுக்கு ஒரே ஒரு மணி நேரம் பழகியவர்கள் எல்லாரினும் குறைந்த மொத்த நேரத்தில் தேறினார்கள். நாளுக்கு நான்கு மணி நேரம் உழைத்தவர்களுக்கு ஒவ்வொரு மணியின் பயனும் குறைந்தது. ஆனால் திருப்தியில்லை என்று மிகுதியாக முறையிட்டவர்கள் யார் தெரியுமா? அந்த ஒரு மணி நேரப் பிரிவினரே! நாட்கள் அதிகமாக ஆனதால், தாங்கள் பின்தங்கிவிட்டதாக அவர்களுக்குத் தோன்றிற்று. கற்பவரின் மனநிறைவைக் கொண்டு கல்வியை அளப்பது சரியன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நேயர்களே, இதுவரை சொன்னவை ஆராய்ச்சிக் கூடத்துச் செய்திகள். இவை நம் வீட்டுக்கு வரும் நாளும் உண்டு. குடும்பத்தில் ஒருவர் பக்கவாதத்தால் ஒரு கையின் வலிமையை இழக்கிறார். நாம் அன்பினால் என்ன செய்கிறோம்? சோறு ஊட்டுகிறோம், சட்டைப் பித்தான் போட்டுவிடுகிறோம், தண்ணீர்க் குவளையை வாயருகே பிடிக்கிறோம். அவரும் நல்ல கையாலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளப் பழகிவிடுகிறார். பழுதுபட்ட கை மடியில் கிடக்கிறது. "அந்தக் கை போய்விட்டது" என்று வீடு முழுவதும் முடிவு செய்துவிடுகிறது.

மூளை இந்த முடிவைக் கேட்டு அதன்படியே நடந்துகொள்கிறது என்பதுதான் வருந்தத்தக்கது. குரங்குகளிடம் நடந்த ஆராய்ச்சி ஒன்று 1996-ஆம் ஆண்டில் வெளிவந்தது. புறணியில் கைக்குரிய இடத்தின் ஒரு பகுதி பழுதுபட்ட பிறகு, பயிற்சி பெறாத குரங்குகளிடம் பழுதுபடாத மீதி இடமும் சுருங்கிற்று. நோயுற்ற கையால் சிறு உணவு உருண்டைகளை எடுக்கப் பழகிய குரங்குகளிடமோ, அந்த இடம் சுருங்கவில்லை. சிலவற்றில் அண்டைப் பகுதிக்கும் பரவிற்று. மனிதர்களிடம் இதே கருத்தை ஒட்டிய சிகிச்சையை அமெரிக்காவில் 222 நோயாளிகளைக்கொண்டு சோதித்தார்கள். பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள் அவர்கள். ஒரு பிரிவினருக்கு நல்ல கையில் உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியும் நோயுற்ற கையையே பயன்படுத்தும்படி இரண்டு வாரம் பழக்கினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அவர்களுடைய கை நன்கு தேறிற்று. ஓர் ஆண்டு கழித்தும் அந்த நன்மை நிலைத்திருந்தது. 2006-ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது. மணிக்கட்டும் விரல்களும் சிறிதளவாவது அசையக்கூடியவர்களுக்கே இம்முறை பொருந்தும். மருத்துவரும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் பார்த்துச் சொல்லாமல் இதைத் தாமே செய்யலாகாது. ஆனால் இதன் அடியில் உள்ள அறிவுரை எல்லா வீட்டுக்கும் ஏற்றது. சற்று நேரம் ஆகட்டும், குவளை சாயட்டும், பித்தான் நான்கு முறை நழுவட்டும். நழுவும் ஒவ்வொரு முறையும் மூளைக்குக் கிடைக்கும் பாடமாகும். நம் அவசரத்தால் அந்தப் பாடத்தைப் பறித்துவிடலாகாது.

குழந்தைக்கும் இதுவே நீதி. எழுதப் பழகும் சிறுமி 'ழ'கரத்தைக் கோணலாக எழுதினால், உடனே கையைப் பிடித்து நாமே எழுதிவிடுகிறோம், அல்லது கடிந்துகொள்கிறோம். கோணலைக் கண்டு அவள் கை தானே திருந்துவதற்குச் சிறிது இடம் கொடுக்கவேண்டும். ஒரே இருக்கையில் நூறு முறை எழுதச் சொல்வதினும், நாளுக்குப் பத்து முறையாகப் பத்து நாள் எழுதச் சொல்வது நலம். இடையே விளையாட்டும், இரவில் நல்ல உறக்கமும் வேண்டும். முன்னேற்றம் இன்று தெரியவில்லை என்பதனால் கற்கவில்லை என்று தீர்ப்புக் கூறவேண்டாம். மொலேசனுக்கே தாம் கற்றது தெரியவில்லை அல்லவா?

நம்பிக்கை பிறக்கவில்லை என்றால், இன்றிரவே நீங்கள் ஒரு சோதனை செய்யலாம். காகிதத்தில் இரட்டைக் கோட்டினால் ஒரு நட்சத்திரம் வரையுங்கள். எதிரே ஒரு கண்ணாடியை நிறுத்தி, கைக்கு மேலே ஒரு புத்தகத்தை மறைவாகப் பிடிக்கச் சொல்லி, கண்ணாடியைப் பார்த்தே கோடுகளின் நடுவே பென்சிலை ஓட்டுங்கள். பத்து முறை போதும். பிழைகளை எண்ணிக் குறித்துக்கொண்டு உறங்கச் செல்லுங்கள். நாளை மறுபடி பத்து முறை. மூன்றாம் நாள் மறுபடி பத்து முறை. மூன்று நாட்களின் கணக்கையும் அருகருகே வைத்து, வீட்டில் உள்ள பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நோயுற்ற கையோடு மனம் தளர்ந்திருப்பவர் எவரேனும் அருகில் இருந்தால், அவருக்கும் காட்டுங்கள்.